திராட்சரசமும் குவார்ட்டரும்: குடியைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: ஐயா, குடிக்கவே கூடாது என்று வேதத்தில் எந்த வசனத்தில் இருக்கிறது? போதகர் வாராவாரம் சொல்கிறார், இடம் மட்டும் சொல்வதில்லை.

பதில்: எல்லோருக்கும் பொதுவான தடை எங்கும் இல்லை. ஆசாரிப்புக் கூடாரத்துக்குள் போகும் ஆசாரியனுக்குத் தடை உண்டு (லேவியராகமம் 10:9). தேவனுக்கென்று தன்னைப் பிரித்துக்கொள்ளும் நசரேய விரதம் எடுத்தவனுக்கு அந்த விரத காலம் முழுக்கத் தடை உண்டு. திராட்சப்பழமும் வற்றலும்கூடக் கூடாது (எண்ணாகமம் 6). ரேகாபியர் என்ற குடும்பத்தார் தங்கள் தகப்பன் சொல்லுக்காகக் குடிக்காமல் இருந்தார்கள் (எரேமியா 35). ஆனால் மனுஷனுடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் திராட்சரசத்தைத் தேவன் கொடுத்ததாக 104ஆம் சங்கீதம் பாடுகிறது.

வெறிக்கு மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. "துன்மார்க்கத்திற்கு ஏதுவான மதுபான வெறிகொள்ளாமல்" என்கிறது எபேசியர் 5:18. தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்கள் பட்டியலில் திருடர், பொருளாசைக்காரர் பக்கத்திலேயே வெறியரும் வருகிறார்கள் (1 கொரிந்தியர் 6:10). உங்கள் போதகர் "எங்கள் சபையின் ஒழுங்கு இது" என்று சொன்னால் அதில் தவறில்லை. "வேதம் நேரடியாகத் தடுக்கிறது" என்று சொன்னால் அது கூட்டிச் சொல்வது.

கேள்வி: கானாவூர் கல்யாணத்தில் இயேசு தண்ணீரிலிருந்து உண்டாக்கிய திராட்சரசம் போதையில்லாத பழச்சாறு என்கிறார்களே?

பதில்: நல்லெண்ணத்தில் சொல்வது, கணக்கு இடிக்கிறது. பாலஸ்தீனத்தில் திராட்சை அறுவடை ஏறக்குறைய ஆகஸ்ட், செப்டம்பர். கானாவூர் கல்யாணத்தை ஒட்டி வந்த பஸ்கா பண்டிகையோ மார்ச், ஏப்ரலில். பழத்தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது. பிழிந்த சாறு அந்த வெயிலில் ஓரிரு நாளில் நுரைக்கத் தொடங்கிவிடும். அதைச் சாறாகவே பாட்டிலில் நிறுத்தி வைக்கும் முறை 1869இல்தான் திருச்சபைக்கு வந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் வைன்லாந்து ஊரில் இருந்த மெத்தடிஸ்ட் பல் மருத்துவர் தாமஸ் வெல்ச், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் கண்டறிந்த சூடாக்கும் முறையைத் திருவிருந்துக்கான திராட்சைச் சாற்றில் பயன்படுத்தினார்.

கொரிந்து சபையின் பந்தியையும் பாருங்கள்: "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." பழச்சாற்றில் வெறிக்க முடியாது. பவுல் அந்த நடத்தையைத்தான் கண்டிக்கிறார். பாத்திரத்தில் இருந்ததை மாற்றச் சொல்லவில்லை.

ஆனால் கானாவூரைக் காட்டி டாஸ்மாக் வாசலில் நிற்பவருக்கும் இதில் இடமில்லை. இயேசு ரசமாக்கிய தண்ணீர் இருந்த ஆறு கற்சாடிகளின் மொத்தக் கொள்ளளவு 470 முதல் 700 லிட்டர் வரை வரும். அது ஓர் ஊரே கூடிய, நாள்கணக்கில் நடந்த கல்யாணம். நொதித்த ரசம் அதிகம் போனால் 12 முதல் 14 சதவீதம். அன்றைய கிரேக்க, ரோம வழக்கில் அதற்கு மேல் இரண்டு மூன்று பங்கு தண்ணீர் கலப்பார்கள். யூதரிடமும் தண்ணீர் கலக்கும் வழக்கம் இருந்தது. கத்தோலிக்க விவிலியத்தில் இரண்டாம் மக்கபேயர் நூலின் கடைசி வரிகளில் அது வருகிறது. கலந்தபின் குடித்தது 3, 4 சதவீதம்தான். நம் கடையில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம். வடித்தெடுத்த சாராயம் ஐரோப்பாவில் பரவியதே இடைக்காலத்தில். வேதம் எழுதப்பட்ட நாளில் அந்தச் சரக்கே கிடையாது.

கேள்வி: தீமோத்தேயுவுக்குப் பவுல் திராட்சரசம் "கொஞ்சம்" சேர்த்துக்கொள்ளச் சொன்னார் இல்லையா? ஒரு கட்டிங் கொஞ்சம்தானே, பிரதர்?

பதில்: இதைக் கிராமில் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி, 0.789ஆல் பெருக்கினால் உள்ளே போகும் ஆல்கஹால் கிடைக்கும்.

150 மில்லி ஒயின், 12 சதவீதம்: 14 கிராம்.
650 மில்லி பீர், 5 சதவீதம்: 26 கிராம். அதுவே 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41.
60 மில்லி லார்ஜ்: 20 கிராம்.
கட்டிங், அதாவது 90 மில்லி: 30 கிராம்.
குவார்ட்டர், 180 மில்லி: 61 கிராம்.

ஈரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது சுமாராக 7 முதல் 10 கிராம். குவார்ட்டர் முழுக்க இறங்க ஆறு முதல் எட்டரை மணி நேரம் பிடிக்கும். இரவு பதினொரு மணிக்கு முடித்தவர் காலை ஆறு மணி ஆராதனைக்கு வரும்போது ரத்தத்தில் இன்னும் இருக்கலாம்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 40ஆம் அதிகாரத்தில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு 'ஹெமினா' ஒயின் போதும் என்கிறார். ஏறத்தாழ கால் லிட்டர். துறவிக்கு ஒயினே ஆகாதுதான், இந்தக் காலத்துத் துறவிகளிடம் அதைச் சொன்னால் எடுபடாது, குறைந்தது தெவிட்டும்வரை குடிக்காமலாவது இருப்போம் என்று கொஞ்சம் சலிப்போடுதான் அந்த அனுமதியைத் தருகிறார். 12 சதவீதம் என்று வைத்தாலும் 24 கிராம். அதுவும் நாள் முழுவதற்கும், சாப்பாட்டோடு. உங்கள் கட்டிங் அதைத் தாண்டிவிட்டது, அதுவும் பத்து நிமிடத்தில், ஊறுகாய் மட்டும் தொட்டுக்கொண்டு.

இன்னொன்று: பவுல் சொன்னது வயிற்றுக்கோளாறு உள்ள ஒருவருக்கு, நல்ல தண்ணீர் அரிதான காலத்தில். ஆல்கஹாலில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. வேண்டுமானால் மகிழ்ச்சிக்கு என்று சொல்லுங்கள். மருந்துக்கு என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: சரி, எந்த இடத்தில் அது வெறி ஆகிறது? தள்ளாடினால்தானா?

பதில்: தள்ளாட்டம் கடைசியில் வருவது. கத்தோலிக்க ஒழுக்க இறையியலில் இதற்கு அளவுகோல் அறிவுதான். நல்லது கெட்டதைப் பிரித்துப் பார்க்கும் புத்தியை ஒருவன் தெரிந்தே அணைத்தால் அது வெறி. இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் மூன்று நிலை வைக்கிறார். பானத்தின் வீரியம் தெரியாமல் மயங்கியவனுக்குப் பாவம் இல்லை. திராட்சரசம் குடித்து வெறித்த நோவா இதில் சேருவார் என்பது பலர் கருத்து. அளவு மீறுகிறது என்று தெரிந்தும், வெறிக்கும் அளவுக்கு வீரியம் என்று அறியாதவனுக்கு அற்பப் பாவம். வெறிக்கும் என்று நன்றாகத் தெரிந்தும், விடுவதைவிட வெறிப்பதே மேல் என்று குடிப்பவனுக்குச் சாவான பாவம். "ஃபுல் ஆகணும் மச்சான்" என்று சொல்லிவிட்டே உட்காருகிறவர் எந்த நிலை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நடைமுறைக் கோடு வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு ஒன்றைத் தருகிறது: வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் ஒரு லார்ஜை மடமடவென்று குடித்தால் 40ஐத் தொட்டுவிடுவார். பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவில் இன்னும் ஏறும். "எனக்கு ஏறவே இல்லை" என்பவரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அது உடல் பழகிவிட்டதன் அறிகுறி, அடக்கத்தின் அறிகுறி அல்ல.

கேள்வி: நான் ஆர்.சி., வீட்டுக்காரர் பெந்தெகொஸ்தே. எங்கள் வீட்டில் குடித்தால் பாவசங்கீர்த்தனம். அவர்கள் வீட்டில் பாட்டிலைப் பார்த்தாலே பாவம். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகள் பானத்தைத் தடுக்கவில்லை, அளவு மீறலைத் தடுக்கின்றன. லூத்தரின் மனைவி கத்தரீனா வீட்டில் பீர் காய்ச்சியவர். ஒயினை அருவருத்து ஒதுக்கும் குருவைப் பதவி நீக்கச் சொல்லும் பழைய திருச்சபைச் சட்டம்கூட உண்டு. துறவுக்காக விடலாம், படைப்பைத் தீயது என்று சொல்லி விடக்கூடாது என்பது அதன் கருத்து.

கோடு மாறியது இங்கிலாந்தில் ஜின் என்ற வடித்த சாராயம் பெருகியபோது. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1743இல் எழுதிய பொது விதிகளில் சாராய வகையை வாங்குவது, விற்பது, குடிப்பது மூன்றையும், மிக அவசரத் தேவை தவிர, விலக்கினார். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் மதுவிலக்கு இயக்கம் அதை எல்லா மதுவுக்கும் நீட்டியது. இரட்சணிய சேனை, அட்வென்டிஸ்ட், பெரும்பாலான பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் அந்த வழியில் வந்தவை. 1947இல் பல மரபுகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) இரண்டு போக்கும் கலந்தே இருக்கும்.

உங்கள் வீட்டுக்கு ஒரே யோசனை: பூரண விலக்கு எடுத்தவரை இறங்கி வரச் சொல்ல முடியாது, குடிக்கலாம் என்பவர் குடிக்காமல் இருக்க முடியும். ஆகவே வீட்டுக்குள் பாட்டில் வேண்டாம். சாப்பாட்டிலும் குடியிலும் சகோதரனுக்கு இடறலாக இராதே என்பதுதான் ரோமர் 14 சொல்வது.

கேள்வி: எங்கள் சபையில் திருவிருந்துக்குத் திராட்சைச் சாறு நாங்களே செய்கிறோம். சனிக்கிழமை செய்தது ஞாயிறன்று புளித்துப் பொங்கிவிட்டது. என்ன தவறு?

பதில்: சூடு போதவில்லை, அல்லது பாட்டில் சுத்தமில்லை. பன்னீர் திராட்சை ஒரு கிலோவைக் காம்பு நீக்கிக் கழுவி, 200 மில்லி தண்ணீர் விட்டு மசித்து, 80 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். தளதளவென்று கொதிக்க வேண்டாம், நிறமும் மணமும் போய்விடும். துணியில் வடிகட்டுங்கள், பிழிந்தால் கசப்பு இறங்கும், தானாகச் சொட்டட்டும். சாற்றை மறுபடி 85 டிகிரிக்குக் கொண்டுபோய், கொதிநீரில் இருபது நிமிடம் கிடந்த கண்ணாடி பாட்டிலில் சூடாகவே கழுத்துவரை ஊற்றி மூடுங்கள். பெரும்பாலும் எல்லோரும் தவறுவது இங்கேதான்: ஆறவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுகிறார்கள். ஆறும்போதே காற்றிலிருந்து ஈஸ்ட் விழுந்துவிடும். மூடியதைக் குளிரூட்டியில் வையுங்கள்.

600 முதல் 700 மில்லி கிடைக்கும். சின்னக் கிண்ணத்துக்கு 5 மில்லி என்றால் 120 பேருக்குத் தாராளம்.

கத்தோலிக்கக் கோவிலில் இது செல்லாது. திருச்சபைச் சட்டம் 924இன்படி, கெட்டுப்போகாத இயற்கைத் திராட்சை இரசமே, அதாவது ஒயினே, வேண்டும்.

கேள்வி: கிறிஸ்துமசுக்கு அம்மா 21 நாள் ஊறவைக்கும் ஒயினில் போதை இல்லைதானே?

பதில்: இருக்கிறது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால். திராட்சையின் சொந்தச் சர்க்கரையே 9, 10 சதவீதம் தரும். கிலோவுக்கு முக்கால் கிலோ சீனியும் ஈஸ்ட்டும் போட்டால் 12ஐ எட்டலாம். மிச்சச் சீனியின் இனிப்பு அதை மறைத்துவிடுவதால்தான் குழந்தைகளுக்கும் ஒரு டம்ளர் போகிறது. ஜாடி வாயை இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும் என்பது தனி. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவையுங்கள்.

ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக்கில், ஒரு மணி நேரம் வெந்தபின்னும் நாலில் ஒரு பங்கு ஆல்கஹால் தங்கும். சாதாரணமாக அது பொருட்டல்ல, குடியை விட்டவருக்குத் தவிர.

கேள்வி: தம்பி தினமும் இரண்டு குவார்ட்டர். மூன்று நாள் உபவாச ஜெபத்துக்கு அழைத்துப்போய் ஒரேயடியாக நிறுத்தப் போகிறோம். ஜெபிக்கவும்.

பதில்: ஜெபியுங்கள், ஆனால் முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு. இந்த அளவு குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை. 12 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைப் பார்ப்பது, ஆளைத் தெரியாமல் கத்துவது தொடங்கலாம். இதில் உயிர் போவதுண்டு. அதைப் பிசாசின் போராட்டம் என்று நினைத்துக் கட்டிவைத்து ஜெபிக்கும்போதுதான் காரியம் கைமீறுகிறது. உபவாசமும் சேர்ந்தால் நீர்ச்சத்தும் போய்விடும்.

மருத்துவமனையில் நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து ஒரு வாரம் போலக் குறைத்துக்கொண்டே வருவார்கள், தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் போனால் மூளை பாதிக்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446, தேசியப் போதை மீட்பு உதவி எண். உபவாசத்தை வீட்டார் நீங்கள் இருங்கள், தம்பி சாப்பிடட்டும்.

கேள்வி: கணவர் குடியை விட்டு டைசல்ஃபிரம் மாத்திரை எடுக்கிறார். திருப்பலியில் இரசம் தொட்ட நன்மை (திருவிருந்து அப்பம்) வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மாத்திரையோடு ஒரு வாய் ஒயினும் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தச் சரிவு வரை கொண்டுபோகலாம். மாத்திரை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அந்த ஆபத்து உண்டு. அப்பத்தை மட்டும் வாங்கினாலும் அதில் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது கத்தோலிக்கப் போதனை, எனவே குறை ஏதும் இல்லை. வரிசையில் நிற்கும்போது சொல்வதற்குப் பதிலாக முன்கூட்டியே ஃபாதரிடம் "அப்பம் மட்டும், இரசத்தில் தோய்க்காமல்" என்று சொல்லிவையுங்கள். குருவே இந்நிலையில் இருந்தால், நொதித்தல் தொடங்கியதும் நிறுத்தப்பட்ட 'முஸ்தும்' என்ற சாற்றை ஆயரின் அனுமதியோடு பயன்படுத்துவார். இருமல் மருந்து, ஹோமியோபதிச் சொட்டு மருந்து, மவுத்வாஷ் ஆகியவற்றிலும் ஆல்கஹால் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.