ஓடையில் கிடக்கும் சருகு

அன்புள்ள ஐயா,

போன வாரம் கொடைக்கானல் வட்டக்கானலில் சோலைக்குள் ஒரு சின்ன ஓடையைப் பார்த்தோம். ஒரே தாவில் தாண்டிவிடலாம். ஆனால் அடியெல்லாம் அழுகிய சருகு, குறுக்கே விழுந்த மரம், பாறை இடுக்கில் பழுப்பு நுரை. மனசு கேட்கவில்லை. நண்பர்கள் பத்துப் பேர் அனுமதி வாங்கிப் போய் எல்லாவற்றையும் அள்ளிச் சுத்தம் செய்யலாமா?

க., மதுரை

அன்புள்ள க.,

பாட்டிலும் பாலித்தீன் பையும் கிடந்தால் ஒன்று விடாமல் பொறுக்குங்கள். சருகைத் தொடாதீர்கள். அது அந்த ஓடையின் சாப்பாடு.

சோலைக்குள் வெயில் இறங்குவது குறைவு. ஓடையில் பாசி அதிகம் வளராது. மரங்கள் உதிர்ப்பதை நம்பித்தான் உள்ளே உயிர்கள் பிழைக்கின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் பேர் ப்ரூக் என்ற காட்டோடையின் ஆற்றல் வரவு செலவை ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார்கள். அதற்குக் கிடைத்த ஆற்றலில் 99 சதவீதம் சுற்றியிருந்த காடு கொடுத்தது. அந்தக் குளிர்நாட்டுக் காடு வேறு, நம் சோலை வேறு. ஆனாலும் நிழல் மூடிய ஓடைகள் பிழைக்கும் வழி இதுதான்.

தண்ணீரில் விழுந்த இலையிலிருந்து முதலில் தேயிலை போலச் சாயம் இறங்கும். பிறகு பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை ஊறி மெத்தென்று ஆன இலையைத்தான் பூச்சிகள் தேடி வரும். கேடிஸ் என்ற பூச்சியின், நீரில் வாழும் புழுக்களில் சில, இலையை வெட்டித் தின்பதோடு, மிச்சத் துண்டுகளைத் தன் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டி, அதைச் சுமந்துகொண்டே நடக்கும். அது சிந்தும் துணுக்குகளை வடிகட்டித் தின்னக் கீழே வேறு புழுக்கள் காத்திருக்கும்.

அந்த நுரையைப் பார்த்துச் சோப்பு என்று நினைத்திருப்பீர்கள். மேலே வீடுகள் இல்லை என்றால், அது இலைச்சாறு கலந்த நீர் பாறையில் அடிபட்டு எழுந்த நுரை. ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் அந்தப் பூஞ்சைகளின் வித்துகள் நான்கு கை விரித்து நெருஞ்சி முள் போலக் கிடக்கும். 1942இல் பூஞ்சை ஆய்வாளர் இங்கோல்ட் இங்கிலாந்து ஓடைச் சருகில் இவற்றை விவரித்து எழுதினார். எனக்கு இதைவிட அழகான வித்து தெரியாது.

விழுந்த மரமும் கிடக்கட்டும். அதுதான் சருகைத் தடுத்து நிறுத்துகிறது. அதை இழுத்துப் போட்டால் ஒரே மழையில் அத்தனை இரையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

நீங்கள் பத்துப் பேரும் போங்கள். கோணிப்பை போதும், மண்வெட்டி வேண்டாம். போகும்போது ஒரு வெள்ளைத் தட்டு கொண்டுபோய், ஒரே ஒரு சருகைத் தண்ணீரோடு அதில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். பார்த்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.