ஃப்ரேசல் வெர்ப் பட்டியலை மனப்பாடம் செய்தும் எழுதும்போது ஏன் தப்பாக வருகிறது?

நூறு ஃப்ரேசல் வெர்ப் (‘டர்ன் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர்’ போல ஒரு வினையும் ‘ஆஃப்’, ‘அப்’ மாதிரி ஒரு வாலும் சேர்ந்து ஒரே பொருள் தருவது) பொருளோடு தெரியும், ஆனால் ஆபீஸ் மெயில் எழுத உட்கார்ந்தால் வருவதில்லை, வந்தாலும் தப்பாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருள் தெரியாததால் வரும் தப்பு குறைவுதான். முக்கியமான குற்றவாளி நம்ம ஊர் ‘பண்ணு’. லாகின் பண்ணு, ஃபாலோ அப் பண்ணு, பிக்கப் பண்ணிக்கோ, பேக்கப் எடு, பிரேக்கப் ஆயிடுச்சு, ஃபேனை ஆஃப் பண்ணு என்று தமிழில் நாள் முழுக்க ஃப்ரேசல் வெர்ப் புழங்குகிறோம். இவற்றில் ஒன்றுகூட வினையாக நிற்கவில்லை. இரண்டு சொல்லை ஒட்டிப் பெயர்ச்சொல் ஆக்கிக்கொண்டு, வினையின் வேலையைப் ‘பண்ணு’விடம் விட்டுவிட்டோம். ‘ஆஃப் பண்ணு’வில் ‘டர்ன்’ என்ற தலையே போய் வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதே உருவத்தில் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போதுதான் ‘ஆஃப் தி ஃபேன்’, ‘ஐ வில் லாகின் டுமாரோ’ எல்லாம் வருகின்றன.

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. வாக்கியத்தில் ‘நேற்று’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லாகின்ட் எஸ்டர்டே’ என்று யாரும் எழுத மாட்டார்கள், ‘ஐ லாக்ட் இன்’ என்றுதான் வரும். இறந்தகால விகுதி நடுவில் புகுந்தால் அந்த இடத்தில் இடைவெளி விட வேண்டும் என்று பொருள். வினையாக வரும்போது ‘லாக் இன்’, ‘பேக் அப்’, ‘சைன் அப்’ எல்லாமே இரண்டு சொல். பெயராக வந்தால் லாகின், பேக்கப் இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாகும். ஃபாலோ அப், சைன் அப் போன்றவற்றுக்கு நடுவில் சிறு கோடு வரும். உச்சரிப்பிலும் இது தெரியும்: பெயரில் அழுத்தம் முதல் பாதியில் விழும், வினையில் வாலில் விழும்.

அடுத்தது, செயப்படுபொருள் எங்கே உட்காரும் என்பது. என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினை இதில்தான். ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’, ‘டர்ன் தி ஃபேன் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் ஃபேனுக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டும்தான். ‘டர்ன் ஆஃப் இட்’ தப்பு. ‘லுக் ஆஃப்டர்’ இதற்கு நேர்மாறு: ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றுதான் வரும், பிரிக்கவே முடியாது.

எது பிரியும், எது பிரியாது? ‘ஹி ரேன் அப் எ ஹில்’ என்றால் மலையேறி ஓடினான். ‘ஹி ரேன் அப் எ பில்’ என்றால் கடையில் பாக்கியை ஏற்றிவிட்டான். முதலாவதில் ‘அப்’ மலையோடு ஒட்டியது. எந்தத் திசையில் ஓடினான் என்று சொல்கிறது. இரண்டாவதில் அது ‘ரேன்’ உடன் ஒட்டிப் புதுப் பொருள் தருகிறது. அதனால் ‘ரேன் எ பில் அப்’ என்று நகர்த்தலாம், ‘ரேன் எ ஹில் அப்’ என்று நகர்த்த முடியாது. ‘லுக் ஆஃப்டர்’ போலப் புதுப் பொருள் தந்தும் பிரியாதவையும் உண்டு. பிரிக்கலாம் என்றாலும், செயப்படுபொருள் ஏழெட்டுச் சொல்லுக்கு நீண்டால் பிரிக்காதீர்கள். வால் வந்து சேர்வதற்குள் படிப்பவர் தலையை மறந்துவிடுவார்.

இனி ஒரு மெயில். இது நான் கட்டியதுதான், ஆனால் ஒவ்வொரு துண்டும் நம் அலுவலகங்களில் தினமும் ஓடுகிறது:

“ஐ ஃபில்ட் அப் தி ஃபார்ம். இஃப் தேர் இஸ் எ மிஸ்டேக், வி வில் டிஸ்கஸ் அபௌட் தட் அண்ட் சார்ட் அவுட் இட். ஐ கேனாட் கோப் அப் வித் தி ஒர்க், ஸோ ப்ளீஸ் கால் ஆஃப் தி மீட்டிங் டில் ஃப்ரைடே. லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.”

ஃபார்மை பிரிட்டனில் ‘ஃபில் இன்’ செய்வார்கள், அமெரிக்காவில் ‘ஃபில் அவுட்’. ‘ஃபில் அப்’ பெட்ரோல் டேங்குக்கும் தண்ணீர்க் குடத்துக்கும். ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பது ‘அதைப் பற்றிப் பேசுவோம்’ என்பதிலிருந்து வருகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ இருப்பதால் ‘டிஸ்கஸ் தட்’ போதும். ‘திரும்பி வா’ என்று சொல்லிப் பழகியதால் ‘ரிட்டர்ன் பேக்’ எழுதுவதும் இதே கதை. ‘சார்ட் அவுட் இட்’ மேலே சொன்ன விதிப்படி ‘சார்ட் இட் அவுட்’ ஆகும். ‘கோப் வித்’தான் சரி, ‘அப்’ அநேகமாக ‘கீப் அப் வித்’திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

இவை பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். உண்மையில் ஆபத்தானது ‘கால் ஆஃப்’. அதற்கு ரத்து செய் என்று பொருள். வாசிப்பவர் கூட்டத்தைக் காலண்டரிலிருந்தே எடுத்துவிடக்கூடும். வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போட ‘புட் இட் ஆஃப் டில் ஃப்ரைடே’ என்று எழுதுங்கள்.

கடைசி வரியில் ‘ஹியர்’ அல்ல, ‘ஹியரிங்’. ‘டு’ பார்த்ததும் வெறும் வினையைப் போடக் கை போகிறது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்’ பொருந்துகிறது, ஆகவே வினை வந்தாலும் ‘இங்’ சேர்த்துத்தான் வர வேண்டும். ‘ஐ வான்ட் டு தி மீட்டிங்’ பொருந்தாது, ஆகவே அங்கே வெறும் வினை.

இந்தியாவுக்கு வெளியே மெயில் போகிறதென்றால் இன்னும் இரண்டு. ‘ப்ளீஸ் ரெவர்ட்’ என்றால் பழைய நிலைக்கே திரும்பச் சொல்வதாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. ‘கெட் பேக் டு மீ’ என்று எழுதலாம். ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2018’ என்பதை 2018-ல் மயங்கி விழுந்தேன் என்றும் படிக்கலாம். ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்தச் சொல் உண்டு, நம் கல்லூரிகளில் அது எல்லாப் பட்டத்துக்கும் பரவிவிட்டது. ரெஸ்யூமேயில் ‘கிராஜுவேட்டட்’ போடுங்கள்.

எங்கே இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் ஒரு கேள்வி உண்டு. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன, லத்தீன் சொற்களும் சேர்ந்துகொண்டன. அதனால் பல வேலைக்கு இரண்டு சொல் இருக்கிறது: ‘புட் ஆஃப்’ இருக்க ‘போஸ்ட்போன்’, ‘லுக் இன்டு’ இருக்க ‘இன்வெஸ்டிகேட்’. ஒப்பந்தம், புகார் மனு, ஆய்வுக் கட்டுரை இவற்றுக்குப் பின்னது. கூட வேலை பார்ப்பவருக்கு மெயில் என்றால் முன்னது. நாம் பெரும்பாலும் சறுக்குவது மறுபக்கம்: பக்கத்து சீட்டுக்காரருக்கே ‘கைண்ட்லி இன்டிமேட் தி சேம்’ என்று எழுதுவோம். ‘ஐ வில் லுக் இன்டு இட்’ என்று ஒரு வரி எழுதினால் மரியாதை ஒன்றும் குறையாது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கான எளிமைப்படுத்திய ஆங்கில விதிகளோ ஃப்ரேசல் வெர்ப் கூடாது என்றே சொல்கின்றன. எந்த நாட்டு மெக்கானிக் படித்தாலும் ஒரே பொருள் வர வேண்டுமே. தீயைப் ‘புட் அவுட்’ செய்யச் சொல்ல மாட்டார்கள், ‘எக்ஸ்டிங்விஷ்’ என்பார்கள்.

வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் மிகக் கஷ்டமான இடம் இந்த வால் சேர்க்கும் வித்தைதான் என்று சாமுவேல் ஜான்சன் 1755-ல் தன் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். ஆனால் தமிழருக்கு ஒரு வசதி, இந்த வித்தை நம்மிடமும் இருக்கிறது. எழுதிவிடு, எழுதிவை, எழுதிப்பார், எழுதித்தள்ளு என்று அடுக்கும்போது ‘விடு’வும் ‘வை’யும் தம் சொந்தப் பொருளை விட்டுவிட்டுத்தானே வருகின்றன? ‘ட்ரை ஆன்’ என்றால் போட்டுப்பார். ‘ரைட் டவுன்’ எழுதிவை. ‘ஈட் அப்’ தின்று தீர். இந்த வழியில் நினைவு வைத்தால் வால்களின் பொருள் பழகும். எல்லா இடத்திலும் ஓடாது. ‘ஸ்லோ அப்’, ‘ஸ்லோ டவுன்’ இரண்டுக்குமே வேகத்தைக் குறை என்று பொருளாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நோட்டில் எழுதும்போது ‘புட் ஆஃப் = தள்ளிப்போடு’ என்று எழுதாதீர்கள். ‘வி புட் இட் ஆஃப் டில் மண்டே’ என்று ‘இட்’டோடும் பின்னால் வரும் சொல்லோடும் முழுசாக எழுதுங்கள். ‘ஃபாலோ அப்’ போன்றவற்றுக்கு இது ரொம்ப முக்கியம்: விஷயம் என்றால் ‘ஃபாலோ அப் ஆன் தி இன்வாய்ஸ்’, ஆள் என்றால் ‘ஃபாலோ அப் வித் தி வெண்டர்’. ஆபீஸ் மெயிலுக்கு நூறு வேண்டாம். கெட் பேக் டு, லுக் இன்டு, ஃபாலோ அப், சார்ட் அவுட், செட் அப், புட் ஆஃப், கால் ஆஃப், ஃபில் இன், ரன் அவுட் ஆஃப், ஹேண்ட் ஓவர், ஃபைண்ட் அவுட், பாயின்ட் அவுட் ஆகிய 12-ஐ வைத்தே பல மாதம் ஓட்டலாம். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன், ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதி ஒன்றில் பாருங்கள். சில அகராதிகளில் வினைக்கும் வாலுக்கும் நடுவே இருதலை அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்பு இருந்தால் பிரிக்கலாம், ‘இட்’ நடுவில் வரும்.