ஆஸ்துமா இருந்தால் பெருந்தொற்று நேரத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 43 வயது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே வீசிங். 2020-இல் பயந்துபோய் மாதக்கணக்கில் ஒரே அறைக்குள் இருந்தேன். தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறது, எதிர்ப்பு சக்தி போய்விடும் என்று யாரோ சொன்னதால் அதையும் நிறுத்திவிட்டேன். மூச்சு இழுத்தால் மட்டும் மற்ற இன்ஹேலரை அடித்துக்கொள்வேன். கொரோனா வரவில்லை, ஆனால் இழுப்பு அந்த வருடம்தான் அதிகம். இப்போதும் தொற்று பரவுகிறது என்று டிவியில் சொன்னாலே "லீவு போட்டுவிடு" என்கிறார் கணவர். இன்னொரு பெருந்தொற்று வந்தால் நான் தனித்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: ஆஸ்துமா என்ற ஒரே காரணத்துக்காகப் பெரும்பாலானவர்கள் அறைக்குள் அடைய வேண்டியதில்லை. ஒரு சிலர் கட்டாயம் ஒதுங்கித்தான் இருக்க வேண்டும். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்பதைக் கடந்த ஒரு வருடத்தில் உங்கள் மூச்சுக்குழாய் எப்படி இருந்தது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். உங்கள் கணவரின் பயம் நியாயமானதுதான், ஆனால் அது எல்லா ஆஸ்துமாவையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது.

2020 தொடக்கத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் கட்டினார்கள். நுரையீரலைத் தாக்கும் வைரஸ் என்றால் ஆஸ்துமாக்காரர்கள்தான் முதலில் மாட்டுவார்கள் என்று நினைத்தோம், சீனாவிலிருந்து வந்த முதல் அறிக்கைகளில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடையே ஆஸ்துமாக்காரர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததைப் பார்த்துப் பலருக்கு நம்பிக்கையே வரவில்லை. அப்புறம் அந்த வருடம் ஜூலையில் இங்கிலாந்தில் சுமார் 1.7 கோடி பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு வெளியானது. அண்மையில் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படாத ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொரோனாவால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. மாத்திரை தேவைப்பட்டவர்களுக்குச் சுமார் 13 சதவீதம் கூடியது. அதே ஆய்வில் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய்க்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அபாயம், வயது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. வீட்டில் சர்க்கரையை ஏனோதானோ என்று வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர் யாராவது இருந்தால், உங்கள் கணவர் முதலில் கவலைப்பட வேண்டியது அவரைப் பற்றித்தான்.

அரசாங்கங்கள் கோடு போட்ட இடத்தையும் பாருங்கள். பிரிட்டனில் 2020 மார்ச்சில் வீட்டை விட்டே வெளியே வராதீர்கள் என்று 12 வாரத்துக்குச் சொன்னது ஆஸ்துமா உள்ள எல்லோரையும் அல்ல, கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களைத்தான். மற்றவர்களுக்குக் கூட்டத்தைத் தவிருங்கள், இடைவெளி விடுங்கள் என்பதோடு சரி. நம் நாட்டில் 2021 மார்ச் 1-இல் 45 முதல் 59 வயதுக்குள் இணைநோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது பட்டியலில் சாதாரண ஆஸ்துமா இல்லை. கடுமையான சுவாச நோய், அதுவும் கடந்த 2 ஆண்டுகளில் மருத்துவமனையில் சேர்ந்திருக்க வேண்டும் அல்லது நுரையீரலின் ஊதும் திறன் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு நாடுகளும் நோயின் பெயரை விட்டுவிட்டு அதன் கடுமையைத்தான் கேட்டன.

ஆனால் ஒன்று, இதெல்லாம் கொரோனாவின் கணக்கு. 2009-இல் வந்த பன்றிக்காய்ச்சல் வேறு மாதிரி. அதில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் அடிக்கடி காணப்பட்ட இணைநோய்களில் ஆஸ்துமா முன்னணியில் இருந்தது, ஏனென்றால் ஃப்ளூ வைரஸ் இழுப்பை நேரடியாகக் கிளப்பிவிடும். அதனால் அடுத்து வருவது எது என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். புது வைரஸ் ஒன்று வந்து அதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாத முதல் சில வாரங்கள் கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கியிருங்கள், தகவல் வர வர தளர்த்திக்கொள்ளலாம்.

சரி, நீங்கள் எந்த ரகம்? கடந்த 4 வாரங்களை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் இழுப்போ இருமலோ வந்ததா, ராத்திரி மூச்சுமுட்டி எழுந்தீர்களா, அவசரத்துக்கு அடிக்கும் இன்ஹேலர் வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் தேவைப்பட்டதா, மாடிப்படி ஏறுவது, துணி துவைப்பது போன்ற வேலை எதையாவது மூச்சுக்காக விட்டீர்களா? நான்குக்கும் இல்லை என்றால் ஆஸ்துமா நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் அரைகுறை. மூன்றோ நான்கோ என்றால் பெருந்தொற்று வரட்டும் வராமல் போகட்டும், இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுத்து கடந்த ஒரு வருடம். மருத்துவமனையில் சேர்ந்தீர்களா? ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை தடவை சாப்பிட்டீர்கள்? இந்த இரண்டாவது கேள்விக்குப் பலர் "இல்லவே இல்லை" என்பார்கள், ஆனால் மெடிக்கலில் "வீசிங்குக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கும் கவரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெட்டாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ டெக்ஸாமெத்தசோனோ இருக்கும். அதுவும் கணக்கில் சேரும். வருடத்தில் இரண்டு மூன்று முறை இப்படி ஆகியிருந்தால், அல்லது தினமுமே ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறவர் என்றால், அல்லது ஐசியூ வரை போய் வந்தவர் என்றால், தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில் நீங்கள் ஒதுங்கியிருக்க வேண்டியவர்தான். அதில் நான் சமரசம் செய்யமாட்டேன்.

நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்தியது இன்ஹேலரை நிறுத்திய விஷயம். தினமும் எடுக்கும் இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில், பெரும்பாலும் மூச்சுக்குழாயிலேயே வேலை செய்வது. மாத்திரையோடு அதை ஒப்பிடவே கூடாது. உள்ளே இருக்கும் வீக்கத்தை அதுதான் வடிய வைக்கிறது. அவசர இன்ஹேலர் குழாயைச் சில மணி நேரம் விரித்துக் கொடுக்கும், வீக்கம் அப்படியே இருக்கும். 200 பஃப் (ஒரு தடவை அழுத்துவது ஒரு பஃப்) உள்ள அவசர இன்ஹேலரை வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் காலி செய்கிறவர்களுக்குத் தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது, மாதம் ஒன்று காலி செய்தால் உயிருக்கே ஆபத்து. எதிர்ப்பு சக்தி போய்விடும் என்று பயமுறுத்தியவருக்கு இதையும் சொல்லுங்கள்: 2021 ஏப்ரலில் நம் நாட்டின் கொரோனா சிகிச்சை வழிகாட்டுதலிலேயே, காய்ச்சலும் இருமலும் 5 நாளுக்கு மேல் போனால் பியூடசோனைடு இன்ஹேலர் கொடுக்கலாம் என்று இருந்தது. அதாவது நீங்கள் பயந்து நிறுத்திய அதே வகை மருந்து.

பல நாடுகளில் 2020 ஊரடங்கின்போது ஆஸ்துமா தாக்குதல்கள் குறைந்தன. சளி, ஃப்ளூ பரவவில்லை, வாகனப் புகை குறைந்தது, பலர் பயத்திலேயே இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தார்கள். உங்களுக்கு மட்டும் கூடியதற்கு இன்ஹேலரை நிறுத்தியது பெரிய காரணம். வீட்டுக் காற்று இன்னொன்றாக இருக்கலாம். ஜன்னலைச் சாத்திய அறை, சாயந்திரம் சாம்பிராணி, ராத்திரி கொசுவர்த்தி, காலையில் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரை துடைப்பது என்று இருந்தால் அந்த அறை தெருவைவிட மோசம். சீன, மலேசியக் கொசுவர்த்திகளை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வில் ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று வந்தது. கொசுவலை, ஜன்னல் வலை, சோப்புத் தண்ணீர் போதும். பத்தி, தூபம் எல்லாம் நீங்கள் இல்லாத அறையில்.

தனித்திருப்பது என்றால் என்ன என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையும் வேலைக்குப் போகும் கணவரும் ராத்திரி உங்களோடு ஒரே அறையில் ஏசி போட்டுத் தூங்கினால், நீங்கள் பகல் முழுக்க வீட்டிலேயே இருந்ததால் பெரிய பயன் இல்லை. ஜன்னல் திறந்த தனி அறை, வெளியே போய் வருகிறவருக்கு இருமல் ஆரம்பித்தால் அவர் முகக்கவசம் போடுவது, சாப்பாடு தனியாக, இவ்வளவும் முடிந்தால்தான் அது தனிமை. முடியாது என்றால் பாதிப் பாதுகாப்புதான் என்று தெரிந்தே இருங்கள், தப்பில்லை. ஒதுங்கியிருப்பவர்கள் கூட்டமில்லாத நேரத்தில் மொட்டை மாடியில் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்து எடை கூடினால் அதுவே மூச்சிரைப்பாக வந்து நிற்கும்.

ஆபீஸ் போவதென்றால், உங்கள் இடம் எங்கே என்பது முக்கியம். ஜன்னல் இருக்கும் கணக்கு அறை வேறு, கட்டிங் பக்கம் பஞ்சுத் தூசிக்கு நடுவில் மேஜை போட்டிருப்பது வேறு. பிந்தையது என்றால் தொற்று இல்லாத காலத்திலும் இடம் மாற்றிக் கேளுங்கள், விடுமுறை நாட்களில் மூச்சு லேசாகி வேலைக்குத் திரும்பியதும் இறுக்குகிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பரவல் அதிகமாக இருக்கும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். அதனால் ஆக்சிஜன் குறையாது, இறுக்கமாக இருப்பது போலத் தோன்றுவது வேறு விஷயம். டைனிங் ஹாலில் பத்துப் பேரோடு அதைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டு சாப்பிட்டால் காலையிலிருந்து போட்டது வீண். வருடாவருடம் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், ஆஸ்துமா அதற்குத் தடையில்லை.

கையில் வைத்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு மாத இன்ஹேலர் கூடுதலாக, ஆறு மாதத்துக்கு வாங்கிப் பதுக்கினால் இன்னொருவருக்குக் கிடைக்காது. எண்ணிக்கை காட்டும் இன்ஹேலராகப் பார்த்து வாங்குங்கள், தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை நம்பாதீர்கள். ஒரு ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி, மருந்தை நிதானமாக இழுக்க உதவும் பிளாஸ்டிக் குடுவை), அதை வீட்டில் யாரோடும் பகிராதீர்கள், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். தொற்று நேரத்தில் நெபுலைசரைவிட (மருந்தை ஆவி போல ஆக்கித் தரும் மெஷின்) ஸ்பேசர் நல்லது, ஏனென்றால் உங்களுக்குத் தொற்று இருந்தால் நெபுலைசர் அதை அறையில் பரப்பக்கூடும். பெரும்பாலான இழுப்புக்கு ஸ்பேசரில் கொடுப்பதும் அதே அளவு வேலை செய்யும். அப்புறம் பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது எவ்வளவு வேகமாக மூச்சை ஊத முடிகிறது என்று அளக்கும் குழாய். விலை சில நூறு ரூபாய்தான், ஆக்சிமீட்டரைவிட ஆஸ்துமாவுக்கு இதுதான் உபயோகம். நன்றாக இருக்கும் நாட்களில் ஊதி உங்கள் உச்ச அளவைக் குறித்து வையுங்கள். அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 50-க்குக் கீழே போனால் உடனே மருத்துவமனை. பயத்தில் மூச்சு வாங்கும்போது ஊதிப் பார்த்தால் அளவு பெரும்பாலும் வழக்கம்போலவே இருக்கும், நிஜமான இழுப்பு என்றால் குறையும். ஆக்சிமீட்டர் அப்படியில்லை, ஆஸ்துமா தாக்குதலில் அந்த எண் கடைசியில்தான் விழும். 97 காட்டுகிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

தொற்று வந்தேவிட்டால் தினசரி இன்ஹேலரை ஒரு வேளைகூட விடாதீர்கள். இழுப்பு வந்தால் ஸ்பேசரில் அவசர மருந்து 4 முதல் 10 பஃப் வரை, ஒவ்வொன்றாக, தேவைப்பட்டால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை, முதல் ஒரு மணி நேரத்துக்கு. உங்களுக்கான அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் தணியவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டும், தனிமை விதி அந்த நேரத்தில் கிடையாது. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். கொரோனாவில் டெக்ஸாமெத்தசோன் உயிரைக் காத்தது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான், மற்றவர்களுக்குப் பயன் இல்லை. ஆனால் ஆஸ்துமா தாக்குதலுக்கு மருத்துவர் மாத்திரை எழுதினால் தொற்று இருக்கிறதே என்று பயந்து தவிர்க்கவும் கூடாது, அது வேறு காரணத்துக்காகக் கொடுப்பது.

உங்கள் விஷயத்தில், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், லீவு போட வேண்டிய அவசியம் தெரியவில்லை. தினசரி இன்ஹேலரைத் திரும்பத் தொடங்கவேண்டிய அவசியம் தெரிகிறது. நுரையீரல் மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துப் போய் அவர் முன்னாலேயே அடித்துக் காட்டுங்கள், அழுத்துவதும் இழுப்பதும் சேராமல் மருந்து நாக்கிலேயே நிற்பது ரொம்ப சகஜம். 3 மாதம் ஒழுங்காக எடுத்த பிறகு அந்த நான்கு கேள்விகளையும் மறுபடி கேட்டுப் பாருங்கள். அப்போதும் மூன்றுக்கு ஆம் என்றால், பரவல் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கும்படி ஒரு சான்றிதழ் கேளுங்கள். அதில் வெறும் "ஆஸ்துமா" என்று போட்டால் கம்பெனியில் யாரும் மதிக்கமாட்டார்கள். எத்தனை தடவை ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டது, எப்போது மருத்துவமனையில் சேர்ந்தீர்கள், எத்தனை வாரத்துக்கு வீட்டு வேலை வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.