கேம்பரை இழுக்க எந்த பிரேக் கன்ட்ரோலர் வாங்குவது? விலை குறைந்த டைம் டிலே வகை போதுமா?

கேள்வியில் நீங்கள் தந்த விவரம்: இரண்டு ஆக்ஸில் கேம்பர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் டிரெய்லர்), முழுச்சுமையில் 2,200 கிலோ, எலெக்ட்ரிக் டிரம் பிரேக். இழுக்கும் வண்டியில் டிரெய்லர் ஒயர்களைச் சொருகும் 7 பின் சாக்கெட் இருக்கிறது, கன்ட்ரோலர் (நீங்கள் பிரேக் போடும்போது டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் கருவி) இல்லை.

டைம் டிலே போதாது. இந்த எடைக்கு புரொப்போர்ஷனல் வகைதான் வாங்க வேண்டும்.

டைம் டிலே கன்ட்ரோலருக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: ஸ்டாப் லைட் எரிகிறதா, இல்லையா. பெடலை லேசாகத் தொட்டாலும் அழுத்தி மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். நீங்கள் முன்பே வைத்த வேகத்தில் மின்சாரத்தை ஏற்றி, நீங்கள் வைத்த உச்சத்தில் நிறுத்தும். இதனால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது கேம்பர் பின்னாலிருந்து வெடுக் வெடுக்கென்று பிடித்து இழுக்கும். திடீர் பிரேக் போடும்போது நேர்மாறு: மிக அவசியமான முதல் நொடியில் மின்சாரம் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும், பின்னால் வரும் எடை முழுக்க உங்கள் வண்டியைத் தள்ளும். சுமை மாறாத சிறிய ஒற்றை ஆக்ஸில் டிரெய்லருக்கு அதை வைத்துச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

புரொப்போர்ஷனல் வகையில் உள்ளே ஒரு ஆக்சலரோமீட்டர் இருக்கும். வண்டியின் வேகம் எவ்வளவு சடுதியாகக் குறைகிறது என்று அளந்து, அதே விகிதத்தில் டிரெய்லருக்கு மின்சாரம் அனுப்பும். பெண்டுலம் வைத்த பழைய மாடல்களைச் சரியான மட்டத்தில் பொருத்தாவிட்டால் அளவு தப்பும். புதியவை பெரும்பாலும் சாய்வைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். ஆனால் எந்தப் பக்கம் வண்டியின் முன்பக்கம் என்பதும், எவ்வளவு சாய்வு வரை ஏற்கும் என்பதும் மாடலுக்கு மாடல் வேறு. கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் ஸ்க்ரூ போடாதீர்கள். மூன்றாவது வகை, வண்டித் தயாரிப்பாளரே பொருத்துவது. இது பிரேக் அழுத்தத்தையே நேரடியாகப் படிக்கும், ஏ.பி.எஸ். முதலியவற்றோடு சேர்ந்து வேலை செய்யும். உங்கள் வண்டிக்கு அது கிடைக்குமானால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் கேம்பரின் அடியில் ஒருமுறை பாருங்கள். கப்ளர் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் முன்முனை) உள்ளே அமுங்குவதால் இயங்கும் ஓவர்ரன் பிரேக் என்றால் கன்ட்ரோலரே தேவையில்லை. மின்சாரத்தால் இயங்கும் பம்ப் வைத்த ஹைட்ராலிக் டிஸ்க் என்றால், அதற்கான மோட் உள்ள கன்ட்ரோலர்தான் வேண்டும். எல்லாவற்றிலும் அது இருக்காது.

7 பின் சாக்கெட் இருப்பதாலேயே பிரேக் பின்னுக்கு மின்சாரம் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. பல வண்டிகளில் அந்த ஒயர் டாஷ்போர்டுக்குக் கீழே வந்து எதிலும் சேராமல் நிற்கும். சில புதிய வண்டிகளில் ஸ்டாப் லைட்டுக்கு நேரான 12 வோல்ட் வராது, துடிப்புத் துடிப்பாக வரும். அந்த ஒயரை வெட்டிச் சேர்த்தால் கன்ட்ரோலர் குழம்பும், வண்டியின் கம்ப்யூட்டரும் பிழை காட்டும். உங்கள் வண்டி மாடலுக்கென்றே விற்கும் ஒயர் செட்டை வாங்கிவிடுங்கள். இதில் மிச்சம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

அப்படி ஒரு செட் கிடைக்காமல் தனியாக ஒயர் இழுப்பதானால், பெரும்பாலான கன்ட்ரோலர்களில் வருவது நான்கு ஒயர்: கறுப்பு பேட்டரி பாசிட்டிவ், வெள்ளை எர்த், சிவப்பு ஸ்டாப் லைட் சுவிட்சிலிருந்து (பெடல் மிதித்தால் மட்டும் 12 வோல்ட் வரும் பக்கம்), நீலம் டிரெய்லர் பிரேக்குக்கு. 10 அல்லது 12 அங்குல டிரம்மில் ஒரு மேக்னெட் (பிரேக்கை இயக்கும் மின்காந்தம், சக்கரத்துக்கு ஒன்று) சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். உங்களுக்கு நான்கு சக்கரம், ஆகவே 12 ஆம்பியர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஆட்டோ ரீசெட் (துண்டித்த பின் தானே மீண்டும் இணையும்) சர்க்யூட் பிரேக்கர், 12 கேஜ் ஒயர் போதும் (கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிமன்). ஆறு சக்கரத்துக்குத்தான் 30 ஆம்பியரும் 10 கேஜும். ஃப்யூஸ் வேண்டாம், ஒரு கண நேர ஷார்ட்டில் அது போய்விட்டால் அதன் பிறகு பிரேக்கே இல்லை. வெள்ளை ஒயரை டாஷ்போர்டு அடியில் கிடைத்த ஸ்க்ரூவில் கட்டாமல் பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோங்கள்.

பொருத்தியதும் கெயின் (டிரெய்லர் பிரேக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் போகலாம் என்ற அளவு) அமைக்க வேண்டும். கேம்பர் புதிது, அல்லது பிரேக் ஷூ புதிது என்றால் முதலில் அவை டிரம்மோடு படிய வேண்டும். சுமார் 65 கி.மீ. வேகத்திலிருந்து 30 வரை கன்ட்ரோலரின் கை லீவரைத் தள்ளி, டிரெய்லர் பிரேக்கால் மட்டும் குறைப்பதை 20 முதல் 50 முறை செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆற விட்டு. அதற்கு முன் வைத்த கெயின் எல்லாம் வீண். பிறகு ஆள் இல்லாத, காய்ந்த, சமதளத் தார்ச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போய், பெடலைத் தொடாமல் கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் முழுக்கத் தள்ளுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் கெயினைக் குறையுங்கள். பிடிப்பே தெரியாவிட்டால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்றுக் கீழே இருக்கும் எண்தான் உங்கள் எண். முழுச்சுமையில் கடைசி எண்ணுக்குப் போயும் பூட்டாமல் இருக்கலாம். நன்றாகப் பிடித்து நிறுத்துகிறது என்றால் அது கோளாறு இல்லை.

அந்த எண் அன்றைய சுமைக்கும் அன்றைய சாலைக்கும் மட்டுமே சொந்தம். தண்ணீர் டேங்க் காலியானாலோ மழை பெய்தாலோ குறைக்க வேண்டும். பூஸ்ட் என்பது வேறு. பெடலைத் தொட்டவுடன் முதல் பிடி எவ்வளவு என்பதைச் சொல்வது. நிறுத்தும்போது கேம்பர் தள்ளுவதுபோல இருந்தால் ஒரு படி கூட்டுங்கள், வெடுக்கென்றால் ஒரு படி குறையுங்கள். கெயின் சரியாகும் வரை பூஸ்டைத் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்துத் திருகினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

நன்றாக இருந்த பிரேக் பலவீனமாகிவிட்டால் பலர் உடனே கன்ட்ரோலரைத்தான் சந்தேகிப்பார்கள். அது அரிது. முதலில் டிரெய்லர் பக்க எர்த் இணைப்பும் பிளக்கின் துருவும். அடுத்து, நீல ஒயரில் அம்மீட்டரைப் போட்டு லீவரை முழுக்கத் தள்ளிப் பாருங்கள். 12க்குப் பதில் 9 ஆம்பியர் காட்டினால் ஒரு சக்கரத்துக்கு மின்சாரம் போகவில்லை. நல்ல மேக்னெட்டைத் தனியாகக் கழற்றி அளந்தால் சுமார் 3.2 ஓம் காட்டும். மின்சாரம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் டிரம்மைத் திறங்கள். பேரிங்குக்கு அளவு மீறி கிரீஸ் அடித்து அது ஷூவில் கசிந்திருப்பது அடிக்கடி பார்க்கும் விஷயம். கிரீஸ் ஊறிய ஷூவைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். தானே சரிசெய்துகொள்ளும் வகை அல்லாத பிரேக்கில் ஷூ இடைவெளியை முதல் 300 கி.மீ.யிலும், அதன் பின் 5,000 கி.மீ.க்கு ஒருமுறையும் வையுங்கள்: சக்கரத்தைத் தூக்கி, சுற்றவே கடினமாகும் வரை நட்சத்திரச் சக்கரத்தை (ஷூ இடைவெளியை மாற்றும் சிறு பல்சக்கரம்) திருகி, லேசாக உரசும் அளவுக்குத் திரும்ப விடுங்கள்.

பிரேக்அவே சுவிட்சை (டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றால் தானே அதன் பிரேக்கைப் போடுவது) சோதிக்கும்போது 7 பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் பின்னை இழுங்கள். இல்லாவிட்டால் டிரெய்லர் பேட்டரியின் மின்சாரம் திரும்பி வந்து கன்ட்ரோலரைக் கெடுக்கலாம். பின்னை இழுத்ததும் சக்கரம் பிடிக்க வேண்டும். அதன் கேபிளைப் பாதுகாப்புச் சங்கிலியிலோ ஹிட்ச் பாலிலோ (வண்டியின் பின்னால் கப்ளர் உட்காரும் உருண்டை) மாட்டாதீர்கள். ஹிட்ச்சே கழன்றால் அதோடு சேர்ந்து போய்விடும். வண்டியின் உடம்பில் தனியாகக் கட்டுங்கள். சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டினால், கப்ளர் விழுந்தாலும் தரையில் குத்தாமல் தாங்கும்.

எந்தக் கன்ட்ரோலரும் தவறாக ஏற்றிய சுமையைக் காப்பாற்றாது. இந்த வகைக் கேம்பரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் இறங்க வேண்டும்: உங்களுக்கு 220 முதல் 330 கிலோ. (ஓவர்ரன் பிரேக் வைத்த ஐரோப்பியக் கேரவன்களில் இந்த விகிதம் குறைவு, அங்கே தயாரிப்பாளர் சொல்லும் எண்தான் கணக்கு.) அந்த எடை உங்கள் வண்டி சுமக்கக்கூடிய எடையிலிருந்தே கழியும். ஐந்து பேரும் அவர்கள் பைகளும் ஏறிய பிறகு மீதி இருக்கிறதா என்று எடைமேடையில் பாருங்கள். எடை ஆக்ஸிலுக்குப் பின்னால் போனால் கேம்பர் வாலாட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கை லீவரால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். வண்டியின் பெடலை அழுத்தி மிதித்தால் முன்னால் இருப்பது நிற்கும், பின்னால் இருப்பது முந்தப் பார்க்கும். ஆகவே லீவர் பார்க்காமலே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பொருத்தும் இடத்தைத் தேர்வு செய்யும்போது இதைத்தான் முதலில் பார்ப்பேன், முழங்கால் இடிக்கிறதா என்பதை அப்புறம்.

நீண்ட இறக்கத்தில் மேலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காமல், வேகம் ஏறும்போது உறுதியாக ஒருமுறை குறைத்து, விட்டு, ஆற விடுங்கள். கிளம்பி முதல் 80 கி.மீ.க்குள் நிறுத்தி வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் பாருங்கள். அதே நிறுத்தத்தில் நான்கு ஹப்பின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளவெடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஆறிக் கிடந்தால் அந்தப் பிரேக் வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் ஷூ உரசுகிறது அல்லது பேரிங் போகப்போகிறது, அதைப் பார்க்காமல் மேலே ஓட்டாதீர்கள்.