வந்தவர் பிரபுவான கதை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சமீபத்தில் படித்த ஒரு வரலாற்று நாவலில், போலந்திலிருந்து வரும் குதிரைவீரன் ஒருவன் ஹங்கேரியில் கோட்டை கோட்டையாகச் சேர்த்துப் பெரிய பிரபு ஆகிவிடுகிறான். நிலமும் பட்டமும் பிறப்பால் வரும் காலத்தில் இது நடக்கிற காரியமா? உள்ளூர்ப் பிரபுக்கள் சும்மா இருந்திருப்பார்களா? ஆசிரியரின் கைச்சரக்கு என்றே நினைக்கிறேன்.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கைச்சரக்கு இல்லை. ஸ்டிபோர் என்று அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தார். போலந்தின் ஒஸ்தோயா குலத்தவர். லூயி மன்னர் இரு நாடுகளுக்கும் சேர்த்து முடிசூடியிருந்த காலத்தில் ஹங்கேரிக்கு வந்தவர். அடுத்து வந்த சிகிஸ்மண்ட் 1388இல் வாக் ஆற்றங்கரையின் (இன்றைய ஸ்லோவாக்கியா) பெட்ஸ்கோவ் கோட்டையை அவருக்குக் கொடுத்தார். 1395இல் நாட்டின் கிழக்குப் பகுதியான டிரான்சில்வேனியா முழுவதையும் நிர்வகிக்கும் வொய்வோட் பதவி. பிறகு வாக் கரையில் கோட்டைகள் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன.

ஏன் இவருக்கு இவ்வளவு? சிகிஸ்மண்டே வந்தவர்தான். லக்ஸம்பர்க் வம்சம், மனைவி மேரி வழியாக 1387இல் கிடைத்த கிரீடம். உள்ளூர்ப் பிரபுக்களோ மாமன் மச்சான் உறவில் பின்னிக் கிடந்தார்கள். ஒருவரைத் தொட்டால் பத்துப் பேர் கிளம்புவார்கள். ஸ்டிபோருக்கு அந்த மண்ணில் அரசரை விட்டால் நாதியில்லை. அதுவே அவருடைய தகுதி.

சும்மா இருந்தார்களா என்று கேட்டீர்கள். இல்லை. 1401இல் மன்னரையே பிடித்துச் சிறைவைத்தார்கள். அயலாரை விலக்கு என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. 1403இல் நேப்பிள்ஸ் மன்னர் லாடிஸ்லாஸை அழைத்துவந்து முடிசூட்டியும் பார்த்தார்கள். அந்தக் கலகத்தை அடக்கியவர்களில் முன்னால் நின்றவர் நம் ஸ்டிபோர்தான்.

இந்தப் புகைச்சல் பழையது. ஒரே மொழியும் ஒரே வழக்கமும் உள்ள நாடு பலவீனமானது என்று மகனுக்குச் சொன்னவராக அறியப்படுபவர் ஹங்கேரியின் முதல் மன்னர் இஷ்த்வான். ஆனால் 1222இல் இரண்டாம் ஆந்திராஷிடம் பிரபுக்கள் வாங்கிய பொன் முத்திரைச் சாசனமோ, நாட்டின் ஆலோசனையின்றி வெளியாருக்குப் பதவி தரக்கூடாது என்கிறது. விருந்தாளி வரலாம், தலைவாசலில் உட்காரக்கூடாது!

ஸ்டிபோருடைய மகன் பெயரும் ஸ்டிபோர்தான். 1434இல் ஆண் வாரிசின்றி இறந்தார். மகளை மணந்த பான்ஃபி குடும்பத்துக்குப் பெட்ஸ்கோவ் போனது. உள்ளூர்க் குடும்பம்தான்.

பெட்ஸ்கோவின் உள்ளூர்க் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. மூத்த ஸ்டிபோர் கிழ வேலைக்காரன் ஒருவனைப் பாறையிலிருந்து தள்ளிக் கொன்றாராம். ஓராண்டு கழித்து, தூங்கும்போது பாம்பு கண்ணைக் கொத்த, வலி தாளாமல் அதே பாறையிலிருந்து தானும் விழுந்தாராம். கோட்டையைக் கட்டியவரும் அவரே என்று அந்தக் கதை சொல்லும். ஆனால் அவர் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அது அங்கே நின்றிருந்தது. 1414இல் இறந்த ஸ்டிபோரின் சிவப்புப் பளிங்குக் கல்லறைத் துண்டு கிடைத்ததும் பாறையடியில் அல்ல. ஹங்கேரி மன்னர்களைப் புதைத்துவந்த செகேஷ்ஃபெஹெர்வாரில்.