சின்ன வயதில் படித்த காமிக்ஸை இப்போது எடுத்துப் படித்தால் அதே சுவை இருக்குமா?

கேட்டவர் பழைய கட்டு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, பிரிக்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருக்கிறார் போல. பிரித்துவிடுங்கள். அதே சுவை இருக்காது, ஆனால் வேறு ஏதாவது கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரம். 'எதை எடுத்தாலும் 20 ரூபாய்' குவியலில், இன்ஜினியரிங் கைடு ஒன்றுக்கு அடியில், வெளிநாட்டுப் படக்கதைகளைத் தமிழில் தந்த முத்து காமிக்ஸ் ஒன்று கிடந்தது. விங் கமாண்டர் ஜார்ஜ் சாகசம். முன்னட்டை இல்லை. முதல் பக்கத்தில் ஊதா மையில் '7-ஆம் வகுப்பு, ஆ பிரிவு'. பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. பேரம் பேசாமல் வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

ஜார்ஜின் அசல் பெயர் ஜானி ஹசார்ட். தமிழுக்கு வந்தபோதுதான் ஜார்ஜ் ஆனார். ஃபிராங்க் ராபின்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1944 ஜூனில் ஆரம்பித்து 1977 வரை செய்தித்தாள்களுக்காக வரைந்த தொடர். ஜெர்மன் சிறைமுகாமிலிருந்து தப்பும் விமானியாக அறிமுகமானவர், போர் முடிந்த பிறகு மெல்ல உளவு வேலைப் பக்கம் நகர்ந்துவிட்டார். அமெரிக்க விமானப்படையில் விங் கமாண்டர் என்று ஒரு ரேங்க்கே கிடையாது. பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளில்தான் உண்டு. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று முத்து ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதற்குச் சமமான அமெரிக்க ரேங்க்கைப் போட்டு 'லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ்' என்று பெயர் வைத்திருந்தால் நானே தொட்டிருக்க மாட்டேன்.

சரி, கதை? சுமார்தான். வில்லன் யார் என்று அவன் வந்து நின்றதுமே தெரிந்துவிடுகிறது. ஆனால் சின்ன வயதில் எனக்கு எரிச்சல் மூட்டிய விஷயம்தான் இப்போது இனித்தது. அந்தக் கதையில் எல்லோரும் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். பெட்ரோல் தீரப்போகிறது என்று ஒருவர் கத்திய கையோடு, இரண்டு கட்டம் தள்ளி இன்னொருவர் அதையே விளக்குவார். காது கேட்காதவர்களா என்று நினைத்திருக்கிறேன். இந்தமுறை பென்சிலால் கட்டங்களைக் கோடு போட்டுப் பிரித்துப் பார்த்தேன். மூன்று, நான்கு கட்டம், செய்தித்தாளில் ஒரு நாள் கணக்கு. நேற்று பேப்பர் வாங்காதவனுக்காக முதல் கட்டத்தில் பழைய கதை, நாளைக்கு அவனை வாங்கவைக்கக் கடைசிக் கட்டத்தில் ஒரு ஆபத்து!

அப்புறம் அந்தக் கறுப்பு. காக்பிட்டுக்குள் ஜார்ஜின் முகத்தில் பாதியை மையால் நிரப்பிவிட்டு, மூக்கு நுனியிலும் தாடையிலும் மட்டும் வெள்ளை விட்டிருக்கிறார் ராபின்ஸ். சாணித்தாளில் மை ஊறிவிட்டது என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

இந்த ஜார்ஜ் பைத்தியத்தால்தான், முதன்முதலாக விமானத்தில் போனபோது ஜன்னல் சீட்டுக்குத் தனியாக 350 ரூபாய் கட்டினேன். உட்கார்ந்து திரும்பினால் வெறும் பிளாஸ்டிக் சுவர். அந்த வரிசைக்கு ஜன்னலே இல்லை! புகார் எழுதினால், ஜன்னல் பக்கத்து இருக்கைக்குத்தான் காசு, ஜன்னலுக்கு அல்ல என்று பதில் வந்தது. விமான நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். முன் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடுக்கு வழியாகக் கொஞ்ச நேரம் மேகம் பார்த்தேன். பிறகு முன் சீட்டுக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கிவிட்டார்.