உயர்தரத்திற்குப் பின் தொண்டர் படை: கேள்வி பதில்

பதில் தருபவர், மலையகப் பாடசாலையொன்றில் மாணவர் படையணிக்குப் பொறுப்பாயிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்.

கேள்வி (ஹட்டன்): ஐயா, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டேன். வார இறுதியில் மட்டும் இராணுவத்தின் தொண்டர் படைப் பயிற்சிக்குச் சென்று, மற்ற நாட்களில் கடை வேலையைத் தொடர முடியுமா?

பதில்: 1881 இல் இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர்களாக இப்படை தொடங்கியபோது அப்படித்தான் இருந்தது; தொழில் செய்பவர்கள் ஓய்வு நேரத்தில் பயிற்சி பெற்றார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தொண்டர் படைப்பிரிவுகள் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்ட பிறகு, அவற்றில் சேர்ந்த சிப்பாய் முகாமில் தங்கி, நிரந்தரப் படையினரைப் போலவே கடமை செய்வது வழக்கமாகிவிட்டது. ஆகவே, கடையை விட மனமில்லையென்றால் விண்ணப்பிக்காதீர்கள், தம்பி. அனுமதியின்றி வீட்டுக்கு வந்துவிடுவது இராணுவச் சட்டப்படி குற்றம். தோட்டத்தில் அரைப்பேர் விழுந்து அரைநாள் சம்பளம் போவதோடு முடிகிற விஷயமல்ல.

கேள்வி (மஸ்கெலியா): தோட்டத் துரைமாருக்கென்று தனிப்படை இருந்ததாகத் தாத்தா சொல்வார். உண்மையா?

பதில்: உண்மைதான். 1900 இல் உருவான தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை கண்டியைத் தலைமையகமாகக் கொண்டிருந்தது. 1949 இல் கலைக்கப்பட்டது. பெரும்பாலும் ஐரோப்பியத் துரைமாரே அதில் இருந்தார்கள். கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடமிருக்கவில்லை என்பதையும் தாத்தா சொல்லியிருப்பார்.

கேள்வி (தலவாக்கலை, ஒரு தாய்): மகனுக்கு எந்தப் பத்திரங்களை ஆயத்தப்படுத்த வேண்டும்?

பதில்: அம்மா, உடற்தகுதியைவிட நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் நற்சான்று ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்பி, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் 'முத்துலட்சுமி' என்றும் மற்றொன்றில் 'முத்துலெட்சுமி' என்றும் தாயின் பெயர் இருந்தாலே கேள்வி எழும். அந்தக் காலத்தில் பதிவுக்குச் சென்றவர் சொன்னபடி பெயர் எழுதப்பட்டதால், இத்தகைய வேறுபாடு பல குடும்பங்களில் உண்டு. பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்தத்திற்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் காலம் எடுக்கும் என்பதால், ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (நானுஓயா): பெண்களும் சேரலாமா?

பதில்: சேரலாம். இராணுவத்தின் மகளிர் படையணி 1979 இலிருந்தே இயங்குகிறது.

கேள்வி (பண்டாரவளை): எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. தியத்தலாவையில் அதிகாரியாகப் பயிற்சி பெற ஆசை.

பதில்: தியத்தலாவை இராணுவக் கல்விக்கழகம் உங்கள் ஊருக்கு அருகில் இருந்தாலும், அதிகாரித் தெரிவு சிப்பாய் தெரிவிலிருந்து வேறானது; தகைமைகளும் கூடுதலாகக் கேட்கப்படும். எனவே எந்தப் பதவிக்கான அறிவித்தல் என்பதை முதலில் பாருங்கள். அணிநடைக் கட்டளையிலிருந்து சாப்பாட்டு மண்டபப் பேச்சுவரை பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கேட்டவுடன் விளங்க வேண்டும். பஸ்ஸிலும் சந்தையிலும் கூச்சமின்றி இப்போதே பேசத் தொடங்குங்கள்.